கிண்ணத்தில் ஏழு கடிகாரங்கள்

பேய்ப் படம் பார்க்கிறவர்கள் அலறலாம், கண்ணைப் பொத்திக்கொள்ளலாம், பக்கத்து நாற்காலிக்காரரின் கையைப் பிடித்து நசுக்கலாம். சிரிக்க மட்டும் கூடாது. அன்று காலை பதினோரு மணிக்கு, இருபது நாற்காலி போட்ட சின்ன அரங்கில், படத்தின் மிகப் பயங்கரமான இடத்தில் ஒருவர் சிரித்தார். அதைக் கேட்டு இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். கடைசி வரிசையில் மடியில் நோட்டுடன் உட்கார்ந்திருந்த கன்டினியூட்டி அக்கா அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினாள்.

முதலில் சிரித்தவர் விநியோகஸ்தரின் மனைவி. விளக்குப் போட்டதும் அவரே காரணத்தையும் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. ஹீரோ கிண்ணத்தைப் பார்த்து 'நாலு பேரு போயிட்டாங்க'ன்னு சொல்றாரு. அடுத்த நிமிஷமே அந்தப் பொண்ணு படியில இறங்கி வருது, அதே கிண்ணத்துல ஏழு வாட்ச் கிடக்கு. பேய் மூணு பேரை அட்வான்சா வாங்கிடுச்சான்னு தோணுச்சு. சிரிப்பு வந்துடுச்சு."

டைரக்டர் தலையைத் திருப்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார். எடிட்டரும் பார்த்தார். அக்கா நோட்டைப் பார்த்தாள்.

படத்தின் கதை இதுதான். ஒரு பழைய பெரிய வீட்டை வாங்கிய இளம் தம்பதி நண்பர்களுக்கு விருந்து வைக்கிறார்கள். பதினோரு பேர் வருகிறார்கள். வீட்டுக்குள் இருக்கும் தீயது யார் கழுத்தையும் நெரிப்பதில்லை, உத்தரத்திலிருந்து தொங்குவதில்லை. ஒவ்வொருவருக்கும் பிரியமான ஒரு குரலில் வந்து, "இன்னும் கொஞ்ச நேரம் இரேன்" என்று மட்டும் சொல்கிறது. வசப்பட்டவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி, மேஜைமேல் இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தில் போடுகிறார். அதற்குப் பிறகு அவருக்கு வீட்டுக்குப் போகும் எண்ணமே இல்லை. புன்னகையோடு கூட்டத்தில் கலந்து, அடுத்தவரைப் பிடித்து வைக்கும் வேலையில் இறங்கிவிடுகிறார். கிண்ணத்தில் எத்தனை கடிகாரம் இருக்கிறதோ அத்தனை பேர் போய்விட்டார்கள் என்று கணக்கு. படத்தின் பயம் முழுக்க அந்தக் கிண்ணத்தில் இருந்தது. சுவரொட்டியிலும் அதுதான்.

படத்தை வரிசையாக எடுக்க மாட்டார்கள். நடிகர்கள் கிடைக்கிற நாளைப் பொறுத்து முன்னே உள்ளது பின்னே, பின்னே உள்ளது முன்னே என்று எடுப்பார்கள். யார் எந்தக் கையில் டம்ளர் பிடித்திருந்தார், எந்தப் பொத்தான் திறந்திருந்தது என்று பார்த்து எழுதி வைக்க ஒருவர் வேண்டும். அதுதான் அக்காவின் வேலை. இருபத்திரண்டு வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அதைச் செய்து வருகிறாள். ஒரு பொத்தானுக்காக நூறு பேரை நிறுத்தி மறுபடி எடுக்க வைத்த கதைகள் அவளைப் பற்றி உண்டு. "யாருக்கா இதையெல்லாம் பார்க்கப் போறாங்க?" என்று எல்லா டைரக்டர்களும் கேட்டிருக்கிறார்கள். "பார்க்கறவர் ஒருத்தர் இருப்பாரு. அந்த ஒருத்தருக்காகத்தான் நான் இருக்கேன்" என்று எல்லா டைரக்டர்களுக்கும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறாள்.

அந்த ஒருத்தர் இன்று காலை வந்துவிட்டார். முத்துமாலை போட்டுக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

எடிட்டிங் அறையில் ஜன்னல் கிடையாது. ஏசி தன் இஷ்டத்துக்கு ஓடும். எடிட்டர் அந்தக் காட்சியைத் திரையில் கொண்டுவந்து நிறுத்தினார். படிக்கட்டின் கீழே மேஜை, மேஜையில் கிண்ணம், கிண்ணத்துக்குப் பின்னால் பச்சை உடையில் ஒரு பெண். எடிட்டர் பென்சிலால் திரையைத் தட்டித் தட்டி எண்ணினார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..."

"எண்ண வேண்டாம். ஏழுதான்" என்றாள் அக்கா.

"மூணு மாசமா இந்தப் படத்தை வெட்டி ஒட்டிட்டு இருக்கேன். எனக்கே கண்ணுல படலை."

"உங்களுக்கு மட்டுமா? யாருக்குமே படலை" என்ற டைரக்டர் அக்காவின் பக்கம் திரும்பினார். "ஏன்னா எல்லாரும் உங்க தங்கச்சி மூஞ்சியத்தான் பார்த்துட்டு இருந்தோம்."

பச்சை உடைக்காரி அக்காவின் தங்கைதான். பதினாலு வருடமாகத் துணை நடிகை. கல்யாணக் கூட்டத்தில் நாலாவது வரிசை, பேருந்து நிறுத்தத்தில் குடையோடு நிற்பவள், கோர்ட்டில் ஹீரோவுக்குப் பின்னால் தெரியும் தோள். தங்கைக்குச் சிபாரிசு செய்வது கௌரவக் குறைச்சல் என்று அக்கா ஒருவரிடமும் வாயைத் திறந்ததில்லை. இந்தப் படத்தில் அந்த வேஷத்துக்குப் பேசி வைத்திருந்த நடிகை கடைசி நேரத்தில் கையை விரித்ததும், வாய் தவறிச் சொல்வதுபோல், "என் தங்கச்சி சும்மாதான் இருக்கா" என்றாள். வாழ்நாளில் செய்த ஒரே சிபாரிசு.

வேஷம் இது. வீட்டில் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு விருந்துக்கு வந்த ஒரு தாய். ஆரம்பத்திலிருந்தே "நான் கிளம்பறேன், குழந்தை முழிச்சுக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பவள். பதினாலு படி இறங்கி வாசலுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். பாதிப் படியில் குழந்தையின் குரல் கேட்கிறது. "நான் நல்லாத் தூங்கிட்டேன்மா. நீ இரு." அது தன் குழந்தை இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நிற்கிறாள், பதில் சொல்கிறாள், சண்டை போடுகிறாள், கெஞ்சுகிறாள். கடைசிப் படியில் கடிகாரத்தைக் கழற்றுகிறாள். மூன்று நிமிடம் பத்து வினாடி, வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்.

படப்பிடிப்பு நாளன்று காலை எடுத்தது கதையில் பின்னால் வரும் காட்சி. கதாநாயகி மதியமே கிளம்ப வேண்டும் என்பதால் அதை முதலில் முடித்தார்கள். அதில் கிண்ணத்தில் ஏழு. சாப்பாட்டுக்குப் பிறகு தங்கையின் காட்சி. அதில் நாலுதான் இருக்க வேண்டும். வேறு நாளாக இருந்தால் அக்கா நேரே போய்க் கிண்ணத்துக்குள் விரலை விட்டு எண்ணிவிட்டு, காட்சிக்கான பொருள்களை எடுத்து வைக்கும், பொருள் பார்க்கும் அண்ணனை நாலு வாங்கு வாங்கியிருப்பாள். அன்று படியேறிப் போய்த் தங்கையிடம், "சாப்பிட்டியா? ரெண்டு வாயாவது சாப்பிட்டியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தாளில் 'கிண்ணம் - நாலு' என்று முந்தின நாளே எழுதிவிட்டாள். பார்த்துவிட்டு எழுதுவதுதான் வேலை. எழுதிவிட்டுப் பார்க்காமல் இருப்பது வேலையே இல்லை. அதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு கேமரா ஓடியது. மூன்று நிமிடம் பத்து வினாடி முடிந்தும் டைரக்டர் "கட்" சொல்ல மறந்து நின்றார். ஏணிமேல் விளக்குப் பிடித்திருந்தவர் கை தட்டினார். "கன்டினியூட்டி ஓகேவாக்கா?" என்று கேட்டார்கள். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு "ஓகே" என்றாள். இன்னொரு டேக் எடுக்கலாமா என்று ஒளிப்பதிவாளர் கேட்டதற்கு, "இதுக்கு மேல என்னய்யா எடுக்கறது?" என்று டைரக்டர் சொல்லிவிட்டார்.

இப்போது அதே டைரக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படம் வெளியாக ஒன்பது நாள்.

"இந்தக் காட்சியைக் கொஞ்சம் பின்னாடி தள்ளிட்டா என்ன? ஏழு பேரு போனதுக்கப்புறம் இவ எட்டாவதா போகட்டும்" என்றாள் அக்கா.

எடிட்டர் படப்பிடிப்பன்று காலையில் எடுத்த காட்சியை ஓடவிட்டார். அதில் தங்கை ஏற்கெனவே வெறுங்கையோடு, புன்னகையோடு, பேயின் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். தன் காட்சி எப்போது வரும் என்று தெரியாமல், பின்னால் மங்கலாக, அவ்வளவு அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கிண்ணத்தை மட்டும் ஃப்ரேமுக்கு வெளியே தள்ளுங்க."

"கிண்ணத்துக் கண்ணாடி வழியாத்தான் மூஞ்சியே தெரியுது அக்கா. கிண்ணம் போனா மூஞ்சியும் போயிடும்."

கிராபிக்ஸ்காரருக்குப் போன் போட்டார்கள். அவர் காட்சியை வாங்கிப் பார்த்துவிட்டு அரை மணி கழித்து அழைத்தார். "மூணு வாட்சை அழிக்கறது பெரிய விஷயம் இல்ல சார். ஒவ்வொரு வாட்ச் கண்ணாடியிலயும் அவங்க முகம் அசையுது. சுத்தமா பண்ணணும்னா மூணு வாரம் வேணும். ஒரு வாரத்துல பண்ணா, பேயே பயந்துக்கும்."

"ஹீரோ 'நாலு'ன்னு சொல்றதை 'ஏழு'ன்னு டப்பிங்ல மாத்திடலாம்."

"மாத்தலாம். அதுக்கு முன்னாடி நாலு பேரு போறதைத்தானே அக்கா காட்டியிருக்கோம்? மீதி மூணு பேரு இவங்களுக்குப் பின்னாடி நின்னு டான்ஸ் ஆடறாங்க. பாருங்க, டாக்டர் வேஷம் போட்டவரு கையில வாட்ச் மின்னுது."

மின்னியது. அந்த டாக்டரின் கழுத்தைப் பிடிக்கலாம் போல அக்காவுக்கு இருந்தது. பாவம், சொன்ன இடத்தில் நின்று சொன்னபடி ஆடியவர் அவர்.

படப்பிடிப்பு நடந்த வீட்டின் சொந்தக்காரருக்கு அக்காவே போன் செய்தாள். அரை நாள் படிக்கட்டைக் கொடுத்தால் போதும், மறுபடி எடுத்துவிடலாம். அவர் ஆரம்பத்திலிருந்தே எரிந்து விழுந்தார்.

"எந்தப் படிக்கட்டு? உங்க டீசரைப் பார்த்துட்டு என் வீட்டம்மா அந்தப் படியில காலே வைக்க மாட்டேன்னுட்டாங்க. இடிச்சுத் தள்ளிட்டு லிஃப்ட் போட்டுட்டேன். லிஃப்ட்டுல எடுக்கறீங்களா?"

அக்கா போனை வைத்தாள். ஒரு வழியை அடைத்தால் இன்னொரு வழி திறக்கும் என்றுதான் மனிதர்கள் நினைக்கிறார்கள். அன்று எல்லா வழியும் சொல்லி வைத்ததுபோல் அடைத்துக்கொண்டது. பேயை எதிர்த்தால்கூட மந்திரம் இருக்கிறது. தான் எழுதிய தாளை எதிர்த்து என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மூன்று மணிக்கு அவள் அந்தக் கேவலத்தையும் செய்தாள். இருபத்திரண்டு வருடமாக மற்றவர்கள் கேட்டதை அவளே கேட்டாள்.

"அப்படியே விட்டுடுங்களேன் தம்பி. யாரு பார்க்கப் போறாங்க?"

தளத்தில் டைரக்டரை அவள் சார் என்றுதான் கூப்பிடுவாள். தம்பி என்று வந்துவிட்டதை இருவருமே கவனித்தார்கள். டைரக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பார்க்கறவர் ஒருத்தர் இருப்பாருன்னு நீங்கதானே அக்கா சொல்லுவீங்க. அந்த ஒருத்தர் சிரிச்சா அரங்கமே சிரிக்கும். காலையில பார்த்தோமே. இந்த இடத்துல சிரிச்சுட்டாங்கன்னா அதுக்கப்புறம் யாரும் பயப்பட மாட்டாங்க. படமே போச்சு."

அவர் சொன்னது சரி. அதுதான் எரிச்சலாக இருந்தது. தப்பாகச் சொல்லியிருந்தால் ஒரு மணி நேரம் சண்டையாவது போட்டிருக்கலாம்.

எடிட்டர் காட்சியைத் தூக்கினார். படப்பிடிப்பன்று சும்மா இருக்கட்டும் என்று எடுத்து வைத்த ஒரு நெருக்கமான துண்டு இருந்தது. ஒரு கை, கடிகாரம், கடிகாரம் விழுகிற கிண்ணத்தின் விளிம்பு. நாலு வினாடி. மூன்று நிமிடம் பத்து வினாடி இருந்த இடத்தில் அதை வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். உறுத்தாமல் போயிற்று. அவ்வளவு பெரிய ஓட்டை விழுந்தும் படம் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியது.

"அவங்ககிட்ட நான் பேசவா?" என்று டைரக்டர் கேட்டார்.

"வேண்டாம். நான் சொல்லிக்கறேன்."

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அக்கா மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள். பொருள் பார்க்கும் அண்ணன் கிண்ணத்திலிருந்து மூன்று கடிகாரத்தை எடுக்காமல் விட்டுவிட்டார் என்பது ஒன்று. காட்சியை முன்னே பின்னே மாற்றிக் குழப்பியது டைரக்டர் என்பது இன்னொன்று. படம் நீளமாகிவிட்டது, எல்லோருடைய காட்சியையும் வெட்டுகிறார்கள் என்பது மூன்றாவது. முதல் இரண்டிலும் உண்மை இருந்தது. மூன்றாவது கேட்க நன்றாக இருந்தது. இறங்கும் இடம் வந்தபோது மூன்றையுமே அவளால் சகிக்க முடியவில்லை.

தங்கையின் வீட்டில் கதவு திறந்தே இருந்தது. அவள் மேஜைமேல் போர்வையை விரித்து, கணவனின் வேலைச் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய கணவன் பம்ப் மெக்கானிக். இன்னும் வேலையிலிருந்து வரவில்லை.

"வா வா. என்ன, இஞ்சி தின்ன குரங்கு மாதிரி மூஞ்சிய வச்சிட்டு வர்ற? காலையில படம் போட்டாங்களாமே? எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"நல்லாத்தான்னா? உனக்கு எதுதான் முழுசா நல்லா இருந்திருக்கு? உங்க மாப்பிள்ளை கம்பெனில பாதிப் பேரு முதல் நாளே வர்றாங்களாம். கீழ் வீட்டு டீச்சர் ஸ்கூலுக்கு லீவு சொல்லியாச்சு. ஏன்க்கா, டைட்டில்ல என் பேரு தனியா வருமா, இல்ல கூட்டத்தோட கூட்டமா வருமா?"

"உட்காருடி."

"சொல்லு, கை வேலை பண்ணட்டும்."

"உன் சீனை எடுத்துட்டாங்க."

இஸ்திரிப் பெட்டி ஒரு சட்டைக் கையின்மேல் நின்றது. கருகுவதற்குள் தங்கை அதை நிமிர்த்தி வைத்து, சுவிட்சை அணைத்தாள்.

"முழுசாவா?"

"கை மட்டும் இருக்கு. வாட்ச் கிண்ணத்துல விழும். நாலு செகண்ட்."

"நான் பேசறது?"

"இல்ல."

தங்கை சட்டையின் காலரை நீவினாள். நீவிய இடத்தையே திரும்பத் திரும்ப நீவிக்கொண்டிருந்தாள்.

"நான் நல்லாப் பண்ணலையா?"

"ஐயோ, அது இல்லடி!" அக்காவின் குரல் அவளை மீறி உயர்ந்தது. "என் தப்புடி. முழுக்க முழுக்க என் தப்பு. கிண்ணத்துல இருக்கற வாட்சை நான் எண்ணணும். அதுக்குத்தான் எனக்குச் சோறு போடறாங்க. நான் எண்ணலை. முதல் நாளே தாள்ல எழுதி வச்சுட்டு, அங்க வந்து உன்னையே பார்த்துட்டு நின்னுட்டேன்."

"ஏழு இருந்துச்சு" என்றாள் தங்கை.

அக்கா நிமிர்ந்தாள். எத்தனை என்று அவள் இன்னும் சொல்லவே இல்லை.

"நாலுதானே இருக்கணும்? மூணாவது படியிலேயே எனக்குத் தெரிஞ்சுடுச்சு."

காலையிலிருந்து உள்ளேயே வெந்துகொண்டிருந்தது எல்லாம் அக்காவுக்கு அப்போதுதான் வெளியே வந்தது. முத்துமாலைக்காரரைத் திட்ட முடியவில்லை, டைரக்டரைத் திட்ட முடியவில்லை, இடித்துப்போட்ட படிக்கட்டைத் திட்ட முடியவில்லை. தங்கையைத் திட்ட உரிமை இருந்தது.

"தெரிஞ்சும் ஏண்டி வாயை மூடிட்டு இறங்கின? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்கேயே மூணை எடுத்துட்டு மறுபடி எடுத்திருப்போமே! உனக்கு அறிவு இருக்கா? உன் வாழ்க்கையில வந்த ஒரே சீனு! கையில கொண்டுவந்து குடுத்தா இப்படியா போட்டு உடைப்ப?"

"நான் நிறுத்தறதா?" தங்கையும் குரலை உயர்த்தினாள். "பதினாலு வருஷமா கும்பல்ல நின்னவ, கேமரா ஓடறப்ப 'நிறுத்துங்க'ன்னு சொல்லவா? அடுத்த நாள் எவன் கூப்பிடுவான்? நீதான் நின்னுட்டு இருந்தியே. நீ சொல்லுவேன்னு நினைச்சேன்."

அக்கா சுவரோரம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஒவ்வொரு படியிலயும் இந்தா சொல்லப் போறா, இந்தா சொல்லப் போறான்னே இறங்கினேன். சின்ன வயசுலேருந்து என்னைப் பாதியில நிறுத்தாம நீ விட்டதே இல்ல. முடி கலைஞ்சிருக்கு, தாவணி தப்பா இருக்கு, எந்தக் கூட்டத்துல நின்னாலும் 'ஏய், போன ஷாட்டுல வலது கை'ன்னு ஒரு சத்தம் வரும். பத்தாவது படி வந்துட்டேன், சத்தம் வரலை. ஓரக்கண்ணால உன்னைப் பார்த்தேன். நோட்டு கீழே தொங்குது, வாயைப் பொளந்துட்டு நிக்கற. அப்பதான்க்கா எனக்கே தெரிஞ்சுது, நான் நடிச்சுட்டு இருக்கேன்னு."

தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். அது கிளம்பாமல் அடம்பிடித்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கைக்குட்டை தேடினாள், அகப்படவில்லை. இஸ்திரி போட்ட சட்டை ஒன்றை எடுத்துத் துடைத்துக்கொண்டாள். தங்கை அதைப் பிடுங்கி, உதறி, மடிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள்.

"அதுவே எனக்குப் போதும்னு சொல்லுவேன்னு பார்க்கறியா?"

அக்கா அதைத்தான் எதிர்பார்த்திருந்தாள். அப்படி ஒரு வார்த்தை கிடைத்தால் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றிருந்தது.

"போதலைக்கா" என்றாள் தங்கை. "கொஞ்சம்கூடப் போதலை. நீ பார்த்த, சரி. கீழ் வீட்டு டீச்சர் பார்க்கணும். அவரு கம்பெனில எல்லாரும் பார்க்கணும். கை தட்டணும். அதுல என்ன தப்பு? எனக்கு அந்த மூணு நிமிஷம் வேணும்."

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதாள். அக்கா எழுந்து பக்கத்தில் போய் நின்றாள். ஆறுதலாகச் சொல்லத் தெரிந்ததெல்லாம் பொய்யாக இருந்தது. அடுத்த படத்தில் பார்க்கலாம் என்பது பொய். டைரக்டரிடம் பேசிப் பார்க்கிறேன் என்பது அதைவிடப் பெரிய பொய்.

"எனக்கும் போதலைடி" என்றாள்.

தங்கை தலையை ஆட்டினாள். வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை உள்ளே வந்து, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்ன ஆச்சு என்று கேட்டார்.